வெள்ளைப் புள்ளி

இல்ல அத்தான், உக்கார மாட்டேன். சத்தம் போடாதன்னு சொல்லாதீங்க. வெளிய தொட்டி வார்க்கிற அடுப்பு ஓடுற இரைச்சல்ல நான் கத்துறது யாருக்குக் கேக்கப் போகுது?

தண்ணித் தொட்டிக்கு பலம் குடுக்கத்தான அந்த நானோ பொடிய வாங்கச் சொன்னேன்? அத யாரு பிளாஸ்டிக் தூளோட டிரம்முல கொட்டி சும்மா கிளறச் சொன்னது? பிளாஸ்டிக்கோட சேத்து உருக்கி, நல்லா பிசைஞ்சு, மறுபடி அரைச்சுட்டு அச்சுல போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நம்ம அச்சு அடுப்புக்குள்ள சும்மா உருளுது, அவ்வளவுதான். அழுத்தாது, பிசையாது. கட்டியாப் போனது கட்டியாவே சுவத்துல ஒட்டிக்கும்.

அதுல வேற, நூத்துக்கு ரெண்டு போடச் சொன்னா எட்டு போட்டிருக்கீங்க. ஜாஸ்தி போட்டா ஜாஸ்தி பலமா? நல்லா இருக்கு உங்க கணக்கு.

வெள்ளைப் புள்ளியா? அது டிசைன் இல்ல அத்தான், பொடிக் கட்டி. ஒவ்வொண்ணுலயும் ஒரு விரிசல் காத்துட்டு இருக்கு. காலைல ஒரு துண்ட வெட்டிக் குளிர வச்சு இரும்புக் குண்டப் போட்டேன். ஓடு மாதிரி தெறிச்சுது. என் கண்ணு தப்பிச்சதே பெரிசு.

என்னது? ஸ்கூலுக்குத்தான போகுது, எவன் சோதிக்கப் போறான்னா கேக்குறீங்க? வாய் கூசல உங்களுக்கு? தொட்டி வைக்கிற மாடிக்கு நேர் கீழதான் அந்த ஸ்கூல் பிள்ளைங்க விளையாடுது. ரொம்பின தொட்டி பொளந்துச்சுன்னா யாரு தலையில விழும்? மச்சினிச்சிய சோதனை ரூம்ல உக்கார வச்சது, கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுவாள்னுதான? அக்காவக் கட்டினவராச்சேன்னு இத்தன நாள் பல்லக் கடிச்சுட்டு இருந்தேன். இனி முடியாது.

சரி, விடுங்க. நல்ல தொட்டிதான், ஒண்ணும் ஆகாதுங்கிறீங்க. அப்படியே இருக்கட்டும்.

தொட்டி ஏத்தின லாரியா? அது மத்தியானமே கிளம்பிருச்சு. ஸ்கூலுக்கு இல்ல, உங்க வீட்டுக்கு. பழைய தொட்டி ஒழுகுதுன்னு அக்கா புலம்பிட்டே இருந்தாள்ல? அத எறக்கிட்டு இதுல ஒண்ண ஏத்தியாச்சு. மாடி ஓரத்துல, உங்க சின்ன மக சைக்கிள் ஓட்டுற இடத்துக்கு நேர் மேல. மிச்சமெல்லாம் உங்க வாசல்ல லாரியிலயே நிக்குது.

ஏன் எந்திரிக்கிறீங்க? தொட்டி இன்னும் காலிதான்.

இந்தாங்க, போன்ல அக்கா. மோட்டார் போடவான்னு கேக்குறா. நீங்களே சொல்லிருங்க.