தேற்ற நான் இருந்தேன்

கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிள்ளைகள் வீட்டில் வாயைத் திறப்பதில்லை. உங்களுக்கும் இது தெரிந்திருக்கும், மேடம். உங்கள் மகளும் இந்த வருடம்தான் சேர்ந்திருக்கிறாள் என்று வெளியே இருக்கும் காவலர் சொன்னார். சாப்பிட்டாயா என்றால் ம் என்பார்கள். இன்றைக்கு என்ன நடந்தது என்றால் ஒன்றுமில்லை என்பார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயது அப்படி.

என் தங்கையும் அப்படித்தான். சின்னவள் என்றுதான் எனக்கு வாயில் வரும். அம்மா முதலில் போனார், அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே அப்பாவும் போனார். தலை பின்னிவிடுவதிலிருந்து காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்காருவது வரை எல்லாம் நான்தான். அவளுக்குக் கட்டடக் கலை படிக்க இடம் கிடைத்ததும், நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் வந்து போகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக் குடிபோனோம். முன்னறை முழுக்க அட்டையும் பசையும் வெட்டுக் கத்தியுமாகக் கிடக்கும். உட்கார இடம் இருக்காது. ஒரு வார்த்தை சொன்னதில்லை நான்.

முதல் தடவை நடந்தது தற்செயல். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அட்டையில் ஒரு நூலகம் கட்டி, காயட்டும் என்று சமையலறை அலமாரி மேல் வைத்திருந்தாள். நான் கீழே தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு மறந்துவிட்டேன். ஆவி பட்டுப் பசை இளகியிருக்கிறது. மறுநாள் ஆசிரியர்கள் முன்னால் மேசையில் வைத்ததும் கூரை அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டது. வகுப்பே சிரித்ததாம்.

அன்று சாயங்காலம் என் மடியில் தலை வைத்து அழுதாள். அழுது முடித்துப் பேசினாள். எந்த ஆசிரியர் எப்படி, யாருக்கு யாரைப் பிடிக்காது, தனக்கு எதற்கெல்லாம் பயம், எல்லாவற்றையும் கொட்டினாள். தலையைக் கோதிக்கொண்டே கேட்டேன். நானும் படிக்கப் போனவள்தான். மருந்தியல். இரண்டாம் வருடத்தில் கோட்டைவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றபோது அப்பா தலையை நிமிர்த்தவில்லை. "சரி விடு, நாளைக்கே ஏதாவது கடையில சேர்ந்துடு" என்றார். என்ன ஆச்சு என்று கேட்க ஓர் ஆள் இல்லை. சின்னவளுக்கு அந்தக் குறை வரக்கூடாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அவள் மறுபடி கட்டிய நூலகம் முதலில் கட்டியதைவிட நன்றாக வந்தது. கூரைக்கு அடியில் முட்டு கொடுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். ஆசிரியர் அதைத் தூக்கி வகுப்புக்கே காட்டினாராம். தோல்வி நல்லது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த பருவத்தில் தேர்வு நேரத்தில் அவளுக்குச் சளி பிடித்தது. கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்தேன். சளிக்குத் தூக்கம் வராத மாத்திரையும் இருக்கிறது, தூக்கம் வருகிற மாத்திரையும் இருக்கிறது. எதைக் கொண்டுவந்தேன் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். தேர்வுக் கூடத்தில் மேசைமேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். திரும்ப எழுதி, நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். இடைப்பட்ட நாட்களில் ஒரு சாப்பாட்டுவேளையைக்கூட என்னைவிட்டு அவள் தனியாகக் கழிக்கவில்லை.

நான் ஈவிரக்கம் இல்லாதவள் அல்ல. அவள் சோர்ந்திருக்கும்போது எதுவும் செய்ததில்லை. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான். நேரம் கழித்து வருவாள், வெளியிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்பாள், கைப்பேசியைப் பார்த்துத் தனக்குள் சிரிப்பாள். தலைக்கனம் ஏறுகிறது என்று தெரிந்துவிடும் எனக்கு.

ஒரு போட்டிக்காக அவள் வரைந்து வைத்திருந்த தாள்களில் தண்ணீர் கொட்டியிருந்த அன்றுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"அக்கா, இது தானா நடக்கல. யாரோ வேணும்னே பண்றாங்க."

தட்டை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினேன். "வாய்க்கு வந்தபடி யார்மேலயும் பழி போடாதே" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "நேத்து இங்க யாரு வந்தா?" என்று மட்டும் கேட்டேன்.

வந்தவள் சுருட்டை. தலைமுடிக்காக அப்படிக் கூப்பிடுவோம். வகுப்பில் சின்னவளுக்கு நெருக்கமாக இருந்த ஒரே தோழி. நல்ல பெண். வந்தால் நேரே சமையலறைக்குள் நுழைந்து, எனக்கு என்ன மிச்சம் வைத்திருக்கிறீர்கள் என்று பாத்திரத்தைத் திறப்பாள். அன்றையிலிருந்து அவள் எது செய்தாலும் சின்னவள் கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தது. பேனா கேட்டால் வேவு பார்க்க வந்தாள், சிரித்தால் ஏளனம் செய்தாள். முன்னறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டாள் சின்னவள். இன்னொரு சாவியை என்னிடம் கொடுத்தாள். கடைசியில் ஒருநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சுருட்டையை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். மற்றவர்களும் சுருட்டையிடமிருந்து மெல்ல ஒதுங்கிக்கொண்டார்கள்.

சுருட்டை என்னைத் தேடிக் கடைக்கு வந்தாள். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றாள்.

"அக்கா, சத்தியமா நான் எதையும் தொடல. நீங்களாவது என்னை நம்புங்க."

நம்புகிறேன் என்றேன். அது பொய் இல்லை. அவள் தொடவில்லை என்பது என்னைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? தலைவலி என்றாள், மாத்திரை கொடுத்தேன். நல்ல மாத்திரைதான். அந்தப் பருவத்தோடு படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சின்னவள் பொழுதோடு வீடு திரும்ப ஆரம்பித்தாள், நானும் அவளும் பழையபடி பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு அந்த வேலை வந்தது. தூரத்து ஊரில் பெரிய கட்டட நிறுவனம். கல்லூரியில் கடைசித் தேர்வுக் குழுவின் முன்னால் தன் வடிவமைப்பைப் பற்றிப் பேசித் தேறிவிட்டால் உடனே கிளம்ப வேண்டியதுதான். என்னிடம் சொல்வதற்கு முன்பே பெட்டி வாங்கிவிட்டாள். முடிந்தபோதெல்லாம் வந்து போகிறேன் அக்கா என்றாள். ரொம்ப சந்தோஷம் என்றேன். ஆளறியாத ஊரில் இடறி விழுந்தால் யார் தூக்கிவிடுவார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

குழு முன்னால் அவள் பேச வேண்டிய அன்று காலையில், தூக்க மாத்திரையைப் பாலில் கலந்தேன். கிளம்புவதற்குள் கண் சொருகிவிடும் என்று நினைத்தேன். அவளோ குடித்த கையோடு, நேரமாகிவிட்டது என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெரிய சாலை திரும்பும் இடத்தில் சுவரில் மோதி விழுந்தாள். கை முறிந்தது. வேறு அடி இல்லை என்று மருத்துவரே சொன்னார்.

படுக்கையில் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கட்டு போட்டுட்டுப் போயிடலாம். மாடல் எல்லாம் அங்கதான் இருக்கு. நான் பேசினா போதும்" என்றாள். நாக்குக் குழறியது. வலியில் அப்படிப் பேசுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் கைப்பேசியில் பேராசிரியர் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். கையில் கட்டோடு வந்தாலும் பரவாயில்லை, சாயங்காலம் வரை எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம், அழைத்து வந்துவிடுங்கள் என்றார். தங்கமான மனிதர்.

எலும்பை நேராக்க மயக்க ஊசி போட வேண்டும் என்றார் மருத்துவர். போடுவதற்கு முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏதாவது மாத்திரை சாப்பிட்டிருக்காங்களா? தூக்கம் வர்ற மாதிரி? அப்படின்னா இப்ப ஊசி வேண்டாம். சும்மா கட்டு போட்டு அனுப்பிடறேன், மத்ததை நாளைக்குப் பாத்துக்கலாம்."

இல்லை என்றேன்.

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுபோனது. ஆளாளுக்கு ஓடினார்கள். மூச்சைத் திரும்ப வரவழைத்துவிட்டார்கள், கண்ணைத் திறக்க வைக்கத்தான் முடியவில்லை, இன்றுவரை. மூச்சு நின்றதுமே, பாலில் கலந்த மருந்தின் பெயரையும் அளவையும் நானாகத்தான் போய்ச் சொன்னேன். யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சுற்றிச் சுற்றி ஒன்றையே கேட்கிறீர்கள். அந்த மாத்திரையும் மயக்க ஊசியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று, இத்தனை வருடம் மருந்துக் கடையில் நின்றவளுக்குத் தெரியாதா என்று. தெரியும், மேடம். மறந்துபோகவில்லை. பதற்றத்தில் உளறவும் இல்லை. மருத்துவர் கேட்டதும் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். மதியம்கூட ஆகியிருக்கவில்லை. சொன்ன சொல் தவறாதவர் அந்தப் பேராசிரியர். அவளுக்காக அங்கே எல்லோரும் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்கள்.