வட்டில் கொள்ளாத ஒன்பது நிமிடம்

தலைமை தாங்கும் சங்கத் தலைவர் ஐயா ஆனந்தராஜ் அவர்களே! சாயம் காயாத கைகளோடு பட்டறையிலிருந்து நேரே வந்திருக்கும் தோழர்களே! சின்ன காஞ்சிபுரத்துத் தாய்மார்களே! கூரத்திலிருந்து வந்திருக்கும் வீராசாமியின் உறவுகளே! முன்வரிசையில் கணவனின் படத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் தங்கை வடிவு அவர்களே! எல்லோரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

நான் லோகேஸ்வரன். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரன். இன்று திறந்துவைத்த படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தவன். அதற்காக என்னைப் பாராட்டினார் தலைவர். வேண்டாம் ஐயா! பாராட்டுப் பெறும் யோக்கியதை எனக்கில்லை.

மூன்று மாதங்களுக்கு முன், கொதிக்கும் சாயத்தொட்டியில் வீராசாமி சறுக்கி விழுந்தார். தூக்கினார்கள், துடித்தார்கள், தோளில் சுமந்து வாசலுக்கு ஓடினார்கள். ஆஸ்பத்திரி சேர்ந்தபோது உயிர் இல்லை. வாசல் கேட் பூட்டியிருந்தது, சாவிக்காகக் காத்து நின்றோம் என்று அன்று நமக்குள் சொன்னார்கள் சுமந்தவர்கள். உடனே கொண்டுபோனோம் என்றது நிர்வாகம். எது உண்மை? பட்டறைக் கேமராவுக்குத் தெரியும்!

நடையாய் நடந்து, அன்றைய மூன்று மணி நேரப் பதிவை நிர்வாகத்தின் பென்டிரைவில் வாங்கிவந்தார் வடிவு. மாலைக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். விபத்தை விசாரிக்கும் அலுவலகமோ டிவிடி வட்டில்தான் வாங்கும்.

“அண்ணா, ஒரு டிவிடில அடங்குமாண்ணா? இன்னொண்ணு வேணும்னா சொல்லுண்ணா, வாங்கியாறேன்.”

“ஒண்ணே போதும்மா. இருபது வருசமா இதத்தானே செஞ்சிக்கினு இருக்கறேன்!”

அந்த மமதையைக் கேட்டீர்களா? ஏழு சிடி சேர்ந்தால் ஒரு டிவிடி, ஐந்து டிவிடிக்கும் மேல் ஒரு ப்ளூரே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். டிவிடியின் உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருந்தது. கணினியில் அந்தப் பதிவு 4.6 ஜிபி என்று காட்டியது. அடங்கிவிடும் என்றேன். அடங்கவில்லை!

ஏன்? வட்டு செய்பவன் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறான். என் கணினியோ நூற்று ஏழு கோடிக்கு மேல் சேர்ந்தால்தான் ஒரு ஜிபி என்கிறது. புடவைக் கடையில் கஜத்தில் அளந்து கொடுத்ததை மீட்டர் என்று நினைத்து வாங்கிவந்தால் வீட்டில் குறையுமா, குறையாதா? “குறையும்” என்கிறீர்கள். குறைந்தது! வட்டு கொள்வது நானூற்று எழுபது கோடி. படமோ நானூற்றுத் தொண்ணூற்று நான்கு கோடி. மிஞ்சிய இருபத்து நான்கு கோடியை நேரமாக மாற்றினால் ஏறக்குறைய ஒன்பது நிமிடம்.

இன்னொரு வட்டு என் மேசையிலேயே கிடந்தது. எடுத்தேனா? எடுக்கவில்லை. ஒன்றே போதும் என்று சொல்லிவிட்டேனே! கல்யாணப் படம் வட்டில் அடங்காவிட்டால் கடைசியை வெட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். பந்தி முடிந்த பிறகு என்ன இருக்கப்போகிறது? நாற்காலி மடக்குவார்கள், இலை எடுப்பார்கள். அந்தக் கைப்பழக்கத்தில், பார்க்காமலே, கடைசி ஒன்பது நிமிடத்தை வெட்டினேன். அடுத்த வாரம் முகூர்த்த நாட்கள். இடம் வேண்டுமென்று கணினியில் இருந்த பதிவையும் அழித்தேன். பட்டறை ரெக்கார்டரோ பதினைந்து நாளில் பழையதன்மேல் புதியதைப் பதிந்துகொள்ளும். பதிந்துகொண்டது.

வட்டில் வீராசாமி விழுவது இருக்கிறது. தூக்குவது இருக்கிறது. கேட்டை நோக்கிச் சுமந்து போவதோடு படம் முடிகிறது. “தாமதத்துக்குச் சான்று எங்கே?” என்று கேட்டது விசாரணை. கேமரா நின்றுவிட்டது போலும் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார் வடிவு. தங்கையே! கேமரா நிற்கவில்லை. வெட்டியவன் நான். இதைச் சொல்ல மூன்று மாதம் ஆன கோழை நான்!

திட்டுங்கள் ஐயா, திட்டுங்கள். அந்தக் கோபம் எனக்கு உரியதுதான். ஆனால் உங்களையும் ஒன்று கேட்கிறேன். கேட் அருகே நின்றவர்கள் ஆறு பேர். வட்டே சொல்லட்டும், நாம் வாய் திறந்து வேலையை ஏன் இழக்க வேண்டும் என்று விசாரணைக்குப் போகாமல் ஆறு பேரும் ஒதுங்கவில்லையா? நாளை மறுநாள் கடைசி விசாரணை. வெட்டியது நான்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கப்போகிறேன். என் கடைக்குப் பூட்டு விழுந்தாலும் விழட்டும். ஆனால் படம் ஏன் குறைந்தது என்பதை மட்டுமே என்னால் சொல்ல முடியும். கேட்டில் நடந்ததை யார் சொல்வது?

பொறுங்கள்... வடிவு எழுந்திருக்கிறார். சொல்லம்மா.

“அந்த ஒம்போது நிமிசமும் அவருக்கு நெனவு இருந்திச்சாண்ணா? எதுனா பேசினாரா?”

தாய்மார்களே, தோழர்களே! நான் அதைப் பார்க்கவே இல்லையே! பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லுங்கள்!

யாரது? கேட் அருகே நின்ற அங்கம்மாளா? சொல்லுங்கம்மா. அழாமல் சொல்லுங்கள்.

“பேசிக்கினுதாம்மா இருந்தாரு. தண்ணி கேட்டாரு. ‘கேட்டத் தொறங்கடா’ன்னு கத்தினாரு. அப்புறம்... ‘வடிவுகிட்ட சொல்லாதீங்க, பயந்துக்கும்’னாரு. நான் வரேன்பா. எங்க வேணாலும் வந்து சொல்றேன்.”

அம்மா, இந்த ஒலிபெருக்கி இனி உங்களுடையது. இவ்வளவு நேரம் என்னைச் சகித்த சபைக்கு நன்றி. மீதி ஐந்து பேரும் எழுந்து வாருங்கள் என்று கைகூப்பி, இறங்குகிறேன். வணக்கம்.