ஒரே பெட்டியில் தொப்பியும் பொத்தானும்

மாட்சிமை மிக்க தலைவர் ப்யோ அவர்களே! ஊர் உறங்கும்போது விழித்திருந்து உலகத்துக்கே உடுப்பு அனுப்பும் டோங்டேமுன் சந்தைப் பெரியவர்களே! பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு பேரம் பேசிய தாய்மார்களே! பன்றிக்கறி எப்போது வரும் என்று வாசலையே பார்க்கும் தம்பிமார்களே! தொப்பிக்கடை தாக் யோங்-ஓக்கின் தாழ்மையான வணக்கம்.

வெளிநாட்டுக்குக் குறைந்த செலவில் பார்சல் அனுப்பும் வழி கண்டதற்காக, இந்த ஆண்டின் பாராட்டுப் பட்டயம் பொத்தான்கடை பாங் மல்-சுன்னுக்கு! அதைக் கொடுக்கும் பாக்கியம் பக்கத்துக் கடைக்காரியான எனக்கு! பொறாமையா என்று கேட்கிறீர்களா? பொறாமைதான். நெஞ்சில் உள்ளதைக் கொட்டிவிட்டுத்தான் கொடுப்பேன்.

வான்கூவரில் ஒரு துணிக்கடை அம்மாள். என்னிடம் கம்பளித் தொப்பி வாங்குவார், இவளிடம் பித்தளைப் பொத்தான் வாங்குவார். கூரியர் செலவு குறையாவிட்டால் இனித் தொப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் போனால் என் கடையே போகும். நான் ஏறி இறங்காத கூரியர் அலுவலகம் உண்டா? கெஞ்சாத மேலாளர் உண்டா? எங்கே போனாலும் என் பெட்டியைக் கண்டதும் அளவு நாடாவை எடுத்துவிடுவார்கள். பருமனை அளந்து கிலோக் கணக்காக்குவார்கள், எடையையும் நிறுப்பார்கள், எது கூடுதலோ அதற்குக் காசு கேட்பார்கள். இவளோ கையளவு பெட்டியோடு கைவீசி நடந்து போவாள். எனக்கு வயிறு எரியுமா, எரியாதா?

பின்வரிசையில் யாரது, பெட்டி ஏன் அவ்வளவு பெரிது என்பது? பண்டிகைப் பரிசை நீங்கள் சின்னப் பெட்டியிலா அனுப்புகிறீர்கள்? கடல் கடந்த வாடிக்கையாளருக்குக் கஞ்சப் பெட்டி அனுப்பிவிட்டு நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

ஒருநாள் கூரியர் அலுவலகத்திலேயே இவளை மடக்கினேன். எவனைக் கைக்குள் போட்டுக்கொண்டு இந்த விலைக்கு அனுப்புகிறாய் என்று கேட்டேன்.

"நல்லா கேட்டீங்க அக்கா! ஒரு பிடி பொத்தான் வச்சாலே தராசு எகிறுது. நீங்க மலை மாதிரி பெட்டி வைக்கிறீங்க, முள்ளு அசையவே மாட்டேங்குது. உங்களைப் பாத்து எனக்குத்தான் வயிறு எரியுது."

"அசையாத முள்ளுக்கா என்கிட்ட இவ்வளவு காசு புடுங்குறான்?" என்றேன்.

இருவரும் ஒருவர் பெட்டியை ஒருவர் பார்த்தோம். அவளுடைய பொத்தான் பையை எடுத்து என் தொப்பிக்குள் திணித்தேன். திணித்தது யார் கை? இந்தக் கை! இரண்டு சரக்கும் ஒரு பெட்டிக் காசில் போயின. செலவு பாதிப் பாதி. வான்கூவர் அம்மாள் இன்றும் தொப்பி வாங்குகிறார்.

எதிர்வரிசைக் கடைகளுக்குத் தெரியக் கூடாது என்றேன். இவளோ நூடுல்ஸ் கடையில் நின்று ஊருக்கே சொன்னாள்! இன்று சால்வைக்குள் ஜிப்பு போகிறது, சவுரிக்குள் பாசிமணி போகிறது. மூட வேண்டிய கடைகள் மூடவில்லை. சந்தை முழுக்க அதற்கு 'மல்-சுன் பெட்டி' என்று பெயர்! யோங்-ஓக் பெட்டி என்றால் வாய் வலிக்குமா?

வலிக்கட்டும். கனத்த சரக்குக்காரர்களே, கனமற்றவர்களைத் தேடுங்கள்! காற்றை அனுப்பிக் காசைக் கரைக்காதீர்கள்! பக்கத்துக் கடையைப் பார்த்து வயிறெரிகிறதா? எரியட்டும், ஆனால் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு எரியுங்கள்!

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி, கறி ஆறும் முன் முடிக்கிறேன், எல்லோர் சரக்கும் சேதமின்றிக் கரைசேர வாழ்த்துகிறேன். மல்-சுன், மேலே வா. இரண்டு கையாலும் வாங்கிக்கொள்.

இழுக்காதே. நானே விடுகிறேன்.