ஒரு துளியும் குறையாம

— இன்னிக்கும் கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு சிடிதான் ஏறியிருக்கா?

— கீறல் இருக்கும்மா. ஒவ்வொரு இடத்தையும் திரும்பத் திரும்பப் படிச்சு ஒத்துப் பார்க்குது. அவசரப்படாதே.

— ஊர்ல எல்லாரும் ஒரு டீ குடிக்கிற நேரத்துல ஏத்திடுறாங்க.

— அதெல்லாம் எம்பி3. பாட்டை ஒட்ட வெட்டிச் சுருக்கிடும். இது ஃப்ளாக். பாடுறவங்க மூச்சு இழுக்கிறதுகூட அப்படியே இருக்கும்.

— கட்டில் யாருக்கு, பீரோ யாருக்குன்னு உட்கார்ந்த இடத்துலயே பிரிச்சாச்சு. இந்த சிடிப் பெட்டிக்குத்தான் அக்கா வீட்லேர்ந்து தினமும் ரெண்டு பஸ் மாறி வர்றேன்.

— நீதானே வக்கீல் முன்னாடி சொன்னே? சிடி இவர்கிட்டயே இருக்கட்டும், எனக்குக் காப்பி வேணும், ஒரு துளி குறையக் கூடாதுன்னு.

— சொன்னேன். விவாகரத்துப் பேப்பர்ல கையெழுத்து எப்போ போடுவீங்கன்னு இன்னிக்கும் போன் பண்ணினார்.

— என்ன சொன்னே?

— சிடி முடியட்டும்னேன். அக்கா வேற, அங்க இவ்ளோ நேரம் என்னடி வேலைங்கறா.

— அவங்ககிட்ட?

— கீறல்னேன்.

— உண்மைதானே.

— ஆமாமா. இங்க வேகம்னு ஒரு கட்டம் இருக்கே. அது ஏன் அடிமட்டத்துல நிக்குது?

— டிரைவு பழசு. சூடாயிடும்.

— புது டிரைவோட அட்டைப்பெட்டி கதவுக்குப் பின்னால கிடக்கு, ஐயா.

— …சரி. நான்தான் குறைச்சு வச்சேன். வேகமா ஓடினா டீயைப் பாதியில வச்சுட்டுக் கிளம்பிடுவே.

— எப்போலேர்ந்து?

— முதல் சிடிலேர்ந்து.

— அடப்பாவி மனுஷா.

— திட்டிக்கோ. பெட்டி இன்னிக்குக் காலியாயிடும், இன்னிக்குக் காலியாயிடும்னு பயந்துகிட்டேதான் திறக்குறேன். என்னவோ குறையவே மாட்டேங்குது. இதைப் பாரேன், தாலாட்டுப் பாட்டு. குழந்தை இல்லாத வீட்டுக்கு இதை எப்போ வாங்கினோம்?

— வாங்கலை.

— பின்னே?

— ஆபீஸ்ல ஆள் பாக்கியில்லாம கேட்டாச்சு. நீங்க டீ போட உள்ளே போறப்போ ஒண்ணொண்ணா பெட்டில சொருகினேன். இதுக்கு மேல கடன் கேக்க யாரும் இல்லைங்க.