கட்டாமல் விட்ட மஞ்சள் துணி

மேடையில் அமர்ந்திருக்கும் லூனாஸ் வட்டாரச் செடி வியாபாரிகள் சங்கத் தலைவர் ரஃபேல் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அழகம்மா அக்கா அவர்களே, அவருடைய மறைந்த கணவர் இருளப்பனுக்காக இன்று கூடியிருக்கும் சங்கத்தாரே, வணக்கம்.

நர்சரிக்காரன் குணாளனான எனக்கு விற்கத்தான் தெரியும், அழகாகப் பேசத் தெரியாது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

"கந்தக அண்ணன்" இருளப்பன்! எஸ்டேட்டில் ரப்பர் தளிர்விடும் மாதங்களில் கந்தகத்தூள் ஊதிப் பழகி, பிறகு என் நர்சரியில் மருந்தடிக்க வந்த மனிதர். ரோஜா இலையில் மாவு தூவியதுபோல் படிவதும் அதே வகைப் பூஞ்சைதான் என்று நமக்குச் சொன்னவர் யார்? இருளப்பன்! மருந்தைத் தொடுமுன் சீக்கு இலையைக் கிள்ளிப் பையில் கட்டு என்றவர் யார்? இருளப்பன்!

"தவுக்கே, பஸ்ல ஆள் ஏத்துற மாதிரி தொட்டிய நெருக்கி வெச்சிருக்கீங்களே, காத்து எங்கலா போகும்?" என்று முதலாளியான என் முகத்துக்கு நேரே கேட்டார். நெருக்கி வைத்தால்தான் கடை நிறைந்து தெரியும் என்றேன். "சீக்கும்தான் நிறைஞ்சு தெரியும்" என்றார்.

அவரிடம் ஒரு வழக்கம். எண்ணெய் மருந்து அடித்த வரிசையின் முனையில் மஞ்சள் துணி கட்டுவார். அந்தத் துணி தொங்கும் இரண்டு வாரமும் அங்கே கந்தகம் படக்கூடாது. பட்டால் இலை கருகும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி. அலோர் ஸ்டாரில் ஒரு கல்யாண மண்டபம் நானூறு ரோஜாத் தொட்டிகள் கேட்டிருந்தது. இலைகளில் வெள்ளை படிந்தது. அவர் லீவில் இருந்த நாளில், பொறுமையில்லாமல் நானே எண்ணெய் அடித்தேன். துணி கட்டவில்லை. ஏன்? துணியைப் பார்த்தால் வாங்க வருபவன் சீக்குச் செடி என்று திரும்பிவிடுவானே! மறுநாள் இருளப்பன் வந்தார், வரிசை முனையைப் பார்த்தார், துணி இல்லை, நம்பினார், கந்தகம் அடித்தார். நானூறும் கருகின.

ஓர் இலையைக் கசக்கி மோந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தவுக்கே, எண்ணெ அடிச்சீங்களா?"

"நான் எதுக்குலா அடிக்கிறேன்? உங்க கைதான் தப்பு."

என்னையே பார்த்தார். "சரி தவுக்கே" என்றார். முதலாளி பேச்சுக்கு எதிராகக் கூலிக்காரன் பேச்சை இந்த ஊரில் யார் கேட்டிருப்பார்?

அவர் ஊரில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. நான்தான் ஊரெல்லாம் சொன்னேன். "கந்தக அண்ணன் வந்தா செடி கரிக்கட்டை" என்று கோப்பிக் கடையில் சிரித்தோமே, தலைவரே, நீங்களும்தானே? எந்த நர்சரி அவருக்குக் கேட்டைத் திறந்தது? இலையைத் தொட்டே நோய் சொன்ன அந்தக் கை, மூன்று வருடம் குருணில் ஒரு தொழிற்சாலையில் தரை கூட்டியது! போன வாரம் வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தார். இன்று நாம் அவருக்கு மாலை போடுகிறோம். வெட்கமாக இல்லையா நமக்கு?

அழகம்மா அக்கா, உங்கள் வீட்டுக்காரர் கை தப்பவில்லை. எண்ணெய் அடித்தவன் நான். பொய் சொன்னவனும் நான். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஊர் முன்னால் கெடுத்த பெயரை ஊர் முன்னால்தான் திருப்பித் தர முடியும்.

நாளை முதல் என் கடையில் மருந்து பட்ட ஒவ்வொரு வரிசையிலும் துணி தொங்கும். வாங்குகிறவன் பார்க்கட்டும், கேட்கட்டும். இருளப்பன் பெயரைச் சொல்லியே பதில் சொல்வேன். சங்கத்தில் எத்தனை பேர் கட்டுவீர்கள்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்!

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். அவர் படத்துக்கு நம் சங்கம் வைத்திருக்கும் அந்த ரோஜா மலர்வளையத்தை, எழுந்து போகும்போது கிட்டப் போய்ப் பாருங்கள். இலையெல்லாம் அதே வெள்ளைப் பூஞ்சை.