விவரம் உள்ளே

ஓடுகிற கணினியைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது, ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிளான்டயர் நகரில் எங்கள் கட்டற்ற மென்பொருள் குழுவில் யாருக்குமே வராது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, தேவாலயக் கூடத்தில் ஒரு மேசை போடுவோம். வேண்டாதவர் வைப்பார், வேண்டியவர் எடுத்துப் போவார். காசு கிடையாது. இரண்டு விதிகள் உண்டு. எடுத்தது வேண்டாமென்றால் மேசைக்கே திரும்பி வர வேண்டும். தெரிந்த கோளாறை மறைக்கக் கூடாது. இரண்டையும் எழுதியவர் லிம்பானி. நம் குழுவுக்குத் தலைவர் கிடையாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அறிவிக்கிற தலைவர்.

போன வருடம் என் மனைவி தியாமிகே அந்த மேசையிலிருந்து ஒரு கணினி எடுத்து வந்தாள். கறுப்பு இரும்புப் பெட்டி. லிம்பானி வைத்தது. ‘உள்ளது உள்ளபடி. உத்தரவாதம் கிடையாது’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. மூன்றாம் வாரம் தரையைக் கழுவிவிட்டு, வெறுங்காலோடு, ஈரத் துணியால் அதைத் துடைத்தாள். பெட்டியில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. வயது இருபத்தாறு.

அடக்கத்துக்கு லிம்பானி வந்தார். சோளக் களியும் கருவாடும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு என் தோளில் கை போட்டார்.

“லேசா ஷாக் அடிக்கும்தான், தம்பி. செருப்புப் போட்டுத் தொட்டா ஒண்ணும் ஆகாது. நானே ரெண்டு வருஷம் வச்சிருந்தேனே.”

“சீட்டுல அதைப் போடலையே, அண்ணே.”

“உத்தரவாதம் கிடையாதுன்னு போட்டிருந்தேன்ல? அதுலயே எல்லாம் அடங்கிடுச்சு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நம்ம ஆளுங்க எங்க கேக்கறாங்க.”

நியாயமான பதில். பத்து மாதம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு விதிப்படி பெட்டியை மேசைக்குக் கொண்டுபோனேன். கிடைத்ததை மேம்படுத்தித் திருப்பித் தருவது எங்கள் பண்பாடு. ரேமை இரட்டிப்பாக்கி, வெள்ளைச் சாயம் அடித்திருந்தேன். கசிவில் மட்டும் கை வைக்கவில்லை. சீட்டில் ‘உள்ளது உள்ளபடி. விவரம் உள்ளே’ என்று எழுதினேன்.

கூடம் திறக்கும் முன்பே இருப்பதில் நல்லதை எடுத்து ஒதுக்கிக்கொள்வது லிம்பானியின் பொதுத்தொண்டு.

“அடேயப்பா, புதுசு மாதிரி இருக்கே. யார்கிட்ட கிடைச்சுது?”

“ஒரு நண்பர் கொடுத்தது, அண்ணே.”

விவரத்தில் எதையும் மறைக்கவில்லை. எட்டுப் பக்கம். கசிவு எங்கே, ஏன், தியாமிகே எந்தக் கையால் தொட்டாள், அப்போது மணி என்ன, எல்லாம் உண்டு. ஹார்டு டிஸ்கில் ஏற்றி, கணினி ஓடத் தொடங்கியதும் திரையில் முதலில் அதுதான் வரும்படி செய்திருந்தேன். லிம்பானி படிக்கவில்லை. அடுத்தவர் ஏற்றியதை அவர் ஒருநாளும் ஓட விட்டதில்லை. எந்தப் பெட்டி வந்தாலும் முதல் வேலையாக டிஸ்கை முழுதாக அழித்துவிட்டுத் தன்னுடையதை ஏற்றுவார். “எவனோ போட்ட குப்பையை நான் ஏன் பார்க்கணும்?” என்பார். குழு முழுக்கத் தெரிந்த பழக்கம்.

அவர் வீட்டுக்குள்ளும் செருப்போடு நடப்பவர். மேசை துடைப்பது எலூபே அக்கா. வெறுங்கால். இந்தப் பத்து மாதத்தில் என்னைப் பார்த்து, “இப்படி மெலிஞ்சுட்டியேப்பா, நேரத்துக்குச் சாப்பிடறியா?” என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். எனக்கும் வருத்தம்தான். ஆனால் லிம்பானிக்கு மனைவி என்று வேறு யாரும் இல்லை.

முந்தாநாள் அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஒரு முறைதான் சாப்பிட்டேன். பிறகு லிம்பானியின் தோளில் கை போட்டேன்.

“உள்ள எழுதியிருந்தேனே, அண்ணே.”

“எதுக்கு உள்ள?” என்றார். என் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். நேராகக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்து பேசியிருக்கிறார்.

விதியை மீறியவன் நான் இல்லை, ஐயா. தெரிந்த கோளாறை ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தவன், அந்தக் குழுவிலேயே நான் ஒருவன்தான். அதைக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கலாமே என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள்.

காகிதத்தில் எழுதியிருந்தால் அவர் படித்திருப்பார்.