தோலை நேசிக்கும் கிருமி

ஐப்பசி பிறந்துவிட்டால் கொல்லிமலையில் துணி காய்வது பெரும்பாடு. துவைத்துப் போட்ட புடவையை எத்தனை நாள் கழித்துத் தொட்டாலும் சில்லென்றுதான் இருக்கும். நாமாவது ஈரத்தை மாற்றிக்கொண்டு உலர்ந்ததைக் கட்டலாம். மாடு தன் தோலை எங்கே போய் மாற்றும்?

நீங்கள் விசாரணைக்காகக் கீழேயிருந்து வந்திருப்பவர் என்பதால் இதைச் சொல்கிறேன். மழையில் ஊறி ஊறி மாட்டின் முதுகுத்தோல் இளகும்போது ஒரு கிருமி அதற்குள் இறங்கும். முடி கற்றை கற்றையாக ஒட்டி, அடியில் பக்குக் கட்டும். பக்கைப் பெயர்த்தால் உள்ளே சிவந்த ரணம். டெர்மடோபிலஸ் என்று அதற்குப் பெயர். தோலை நேசிப்பது என்று பொருள். பெயர் வைத்தவரை எனக்குப் பிடிக்கும்.

என் வேலை அந்தக் கிருமியை மாட்டிலிருந்து எடுத்து வளர்த்து, அதன் மரபணுவைப் படிக்க அனுப்புவது. அதற்காகத்தான் இந்த இரண்டு அறைக் கட்டடத்தில் என்னைப் போட்டார்கள். ஒன்றில் ஆய்வு, இன்னொன்றில் நான். எனக்கு ராசிபுரம் பக்கம். அப்பா போன பிறகு அண்ணன் வீட்டில் என் போனை எடுப்பது குறைந்தது. பிறகு நானும் கூப்பிடுவதை விட்டேன். காலையில் பல் துலக்கும்போது என் குரல் சரியாக இருக்கிறதா என்று ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிப் பார்ப்பேன். சில நாள் அதுதான் அன்றைய முழுப் பேச்சும்.

முதல் வருட மழையில் ருக்குமணி ஓடி வந்தாள். திருப்புலி நாட்டுக்காரி; இந்த மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள். புருஷன் சின்னுசாமியும் அவளும் மிளகும் குச்சிக்கிழங்கும் போட்டுப் பிழைப்பவர்கள்.

“ஏனுங்க டாக்டரம்மா, எங்கூட்டு மாட்டுக்கு முதுகெல்லாம் பக்குப் பக்கா நிக்குதுங்க. தொட்டாத் துள்ளுது. ஒரு எட்டு வந்து பாருங்க.”

அந்த நோய் தானாக வந்தது. அதில் எனக்குப் பங்கில்லை. தினமும் போனேன். பக்கை ஊறவைத்து எடுத்தேன், ஊசி போட்டேன். ருக்குமணி சாமைச் சோறு போட்டாள். ஒருநாள் மழையில் நனைந்து போனபோது என்னை உட்காரவைத்துத் தலையைத் துவட்டி, எண்ணெய் தடவிச் சீவிவிட்டாள். “இந்த முடிய இப்புடியா வெச்சிருப்பாங்க கண்ணு” என்றாள். என் தலையில் இன்னொருவர் கை பட்டு வெகு காலமாகியிருந்தது. நான் அசையாமல் இருந்தேன். அசைந்தால் முடித்துவிடுவாளோ என்று இருந்தது.

மார்கழியில் மாடு தேறிவிட்டது. சின்னுசாமி கைகூப்பி, “இனி உங்களுக்குச் சிரமமில்லீங்க” என்றார். நன்றியாகத்தான் சொன்னார்.

மாசியில் ஒருமுறை சும்மா போனேன். மிளகு பறிக்கும் நேரம். ருக்குமணி ஏணியில் நின்றபடி, “என்னங்க டாக்டரம்மா, மாடு நல்லாத்தானே இருக்குது?” என்று கேட்டாள். ஆமாம், பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்றேன். அவள் சிரித்துவிட்டுக் கொடியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் திரும்பி நடந்தேன். அவள் மீது எனக்குக் கோபமில்லை. வேலை இருப்பவர்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

அவர்கள் மாட்டிலிருந்து எடுத்த கிருமி என்னிடம் இருந்தது. உறையவைத்து மூடிவிட்டிருக்கலாம். நான் அதைத் தட்டுகளில் வளர்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தட்டு முடிந்ததும் அடுத்ததற்கு மாற்றுவேன். அதற்கு வேளை தவறாமல் தீனி வேண்டும், சரியான சூடு வேண்டும். என்னை நம்பி ஒன்று உயிரோடு இருந்தது. அப்படியே அடுத்த மழைவரை பொறுத்திருந்தேன். எனக்குப் பொறுமை அதிகம்.

அதை அவர்கள் மாட்டுக்கே எப்படித் திருப்பிக் கொடுத்தேன் என்பதை நேற்றே உங்களிடம் சொல்லிவிட்டேன். மாட்டைத் தடவிக்கொடுத்தேன். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கும். ருக்குமணி மறுபடியும் ஓடி வந்தாள். மறுபடியும் சாமைச் சோறு. பிறகு வேறு வீடுகள்.

எல்லா மாடுகளையும் குணப்படுத்தினேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றைத் தவிர. அதற்கு வருகிறேன்.

கிருமிகளை வழக்கம்போலக் கீழே உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அங்கே சுமித்ரா என்றொரு பெண் மரபணு படிக்கிறாள். கெட்டிக்காரி. நான் வேறெதையாவது அனுப்பி ஏமாற்றியிருக்கலாம். ஆய்வில் பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. ஒருநாள் கூப்பிட்டாள்.

“மேடம், தானா பரவுன நோய்னா ஊட்டுக்கு ஊடு கிருமி கொஞ்சமாச்சும் மாறியிருக்கணுங்க. நம்ம பேச்சு ஊருக்கு ஊர் மாறுதில்ல, அப்படி. இது எழுத்துப் பிசகாம ஒண்ணா இருக்குது.”

“மலைதானே. மாடுகள் ஒன்றாக மேய்கின்றன” என்றேன்.

“இன்னொண்ணுங்க மேடம். எல்லாத்துலயும் ஒரே மரபணு விழுந்துபோயிருக்குது. மாட்டுல இருந்து மாட்டுக்குத் தானா தாவுறதுக்கு அது வேணும். தட்டுல ரொம்ப நாள் சொகுசா வளந்தாத்தான் அதைத் தொலைக்கும்.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். “பக்கத்து ஊட்டை விட்டுட்டு மேட்டைத் தாண்டி அந்தப்பக்கம் போயிருக்குது. தண்ணி போற வழியுமில்லை, மேய்ச்சல் வழியுமில்லை. அது எதைப் பார்த்துங்க மேடம் போகுது?”

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். பைல் நாட்டில் ஒரு வீட்டில் என்னைக் கண்டதும் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அந்த வீட்டு மாடுகள் இன்றும் பளபளவென்று இருக்கின்றன. வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிய வீடுகளிலும் நோய் இல்லை. என்னைக் ‘கண்ணு’ என்றும் ‘சாமி’ என்றும் கூப்பிட்ட வீடுகளுக்கு மட்டும்தான் அது போனது. பிடிக்காதவர்களுக்கு நான் எந்தத் தீங்கும் செய்ததில்லை.

இனி பாவாயி.

பாவாயிக்குப் புருஷன் இல்லை. மகள் கோகிலாவை மலையடியில் காரவள்ளியில் கட்டிக்கொடுத்துவிட்டு, சரிவில் தனியாக ஒரு கறுப்புப் பசுவோடு இருந்தார். கருப்பி என்று பெயர். நாள் முழுக்க அதனோடு பேசுவார். மழை வரும்போலிருக்கிறது என்பார், உப்புத் தீர்ந்துவிட்டது என்பார், கோகிலாவின் மாமியாரைப் பற்றிக் குறை சொல்வார். அது தலையை ஆட்டும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. இருவருக்கும் இடையில் நான் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

கருப்பிக்கு முடியாமல் போனதும் பாவாயி என்னோடு பேச ஆரம்பித்தார். காலையிலேயே வழிமேல் வந்து நிற்பார். “வந்துட்டியா சாமி, வா. உன்னையத்தான் கேக்குது” என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். மற்ற வீடுகளில் மருந்து சீக்கிரமே வேலை செய்துவிடுகிறது. தேறிய மறுநாள் என்னைக் கைகூப்பி அனுப்பிவிடுகிறார்கள். பாவாயியிடம் அப்படி ஆக வேண்டாமென்று நினைத்தேன். தைப்பொங்கல்வரை போதும் என்பதுதான் என் கணக்கு. பொங்கலுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்.

என்ன ஊசி போட்டீர்கள் என்று கேட்டீர்கள். தண்ணீர். சுத்தமான தண்ணீர்தான். மருந்து பையிலேயே இருந்தது.

பக்கு முதுகிலிருந்து கழுத்துக்கு வந்தது. பிறகு முகத்துக்கு, மூக்குக்கு. வாய் வைக்க முடியாமல் தீனியை விட்டது. அப்போது மருந்து போட்டேன். உண்மையான மருந்து. ஆனால் அதற்குள் அதன் உடம்பில் தெம்பில்லை. பாவாயி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சியை விரலால் தொட்டு நாக்கில் தடவினார். அது விரலை நக்கியது. விழுங்கவில்லை.

அது போனதும் நான் அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை. பாவாயி அழவில்லை. என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். “நீ என்ன பண்ணுவ சாமி. உன்னால ஆனதச் செஞ்ச. மழைன்னும் பாக்காம வந்தியே, அது போதும்” என்றார். என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படித் தேற்றியதில்லை.

அடுத்த வாரம் போனபோது வீடு பூட்டியிருந்தது. கோகிலா வந்து காரவள்ளிக்குக் கூட்டிப்போய்விட்டதாகச் சொன்னார்கள். பஸ் பிடித்துப் போனேன். பாவாயி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கோகிலா, “யார்கிட்டயும் பேசறதில்லீங்க. சோறு வெச்சா ஒரு வாய் திங்கும். எங்களையே அடையாளம் தெரியுதான்னு தெரியலீங்க” என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். அந்தக் கை என் கையைத் திருப்பிப் பிடிக்கவில்லை. வெகுநேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, “உன்ற காலடிச் சத்தம் கேட்டா எந்திரிச்சு நிக்கும் சாமி. நிக்க முடியாதப்பக்கூட நின்னுச்சு” என்றார். அவ்வளவுதான். பிறகு பேசவே இல்லை.

அவருக்குப் போனது ஒரு மாடு. எனக்குப் போனது பாவாயி. யாருடைய இழப்புப் பெரிது என்று நான் ஒப்பிட விரும்பவில்லை. ஆனால் இதுவரை யாரும் என் பக்கத்தை விசாரிக்கவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எல்லாவற்றையும் நானே செய்தேன். தெரிந்து செய்தேன். நீங்கள் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். இனி இப்படி நடக்காது, தனியாக இருக்க எனக்குப் பழகிவிட்டது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சற்று முன் நான் நடுங்குவதைப் பார்த்து, கேட்காமலே உங்கள் சால்வையை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டீர்கள். போலீஸ் வேலையில் இருப்பவர்கள் இப்படிச் செய்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. போர்த்தும்போது உங்கள் கை என் கழுத்தில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

உங்களுக்கு எந்த ஊருங்க? ஊட்டுல மாடு கன்னு ஏதாச்சும் இருக்குதுங்களா?